தக்கையை யார் போட்டது?

கம்பைநல்லூரில் படகு மூழ்கிய கதை கிடையாது. படகு இருந்தால்தானே மூழ்க. ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு ஓர் ஆறு இருக்கிறது. அது போய்ச் சேரும் தென்பெண்ணை இருமத்தூர்ப் பக்கம் ஓடுகிறது. ஓடுகிறது என்றால் மழைக்காலத்தில். மற்ற மாதங்களில் கிடக்கிறது. ஆகவே உலகத்துக் கப்பல்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எங்கள் ஊருக்கு இருக்கிற அளவு வேறெந்த ஊருக்கும் இல்லை. கடலூர்க்காரர் சிரித்தால் நாளைக்கு அவருக்கே நடந்துவிடும். எங்களுக்கு நடக்க வழியே இல்லை.

சிரிக்க வேண்டிய சங்கதி இதுதான். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்றுதான் மனிதன் படகு என்ற ஒன்றையே செய்தான். பலகையைப் பலகையோடு சேர்த்து, இடுக்கில் நாரைத் திணித்து, தார் பூசி, சாமி பெயர் எழுதி, மஞ்சள் குங்குமம் வைத்து எல்லாம் ஆன பிறகு, துளைப்பானை எடுத்து அடியில் ஓர் ஓட்டை போட்டான். பைத்தியக்காரத்தனம் இல்லை; காரணம் இருக்கிறது. கரையில் ஏற்றி வைத்த படகிலும், கப்பலின் மேல்தளத்தில் தொங்கும் படகிலும் மழைத் தண்ணீர் தேங்கும். தேங்கினால் கனக்கும், பலகை அழுகும். ஓட்டை இருந்தால் தானாக வடிந்துவிடும். தண்ணீரில் இறக்கும் முன் கட்டைவிரல் அளவுள்ள தக்கையை எடுத்து அந்த ஓட்டையில் செருகிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான்கு நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கத் தெரிந்தவன், காற்றின் வாசனையில் புயலை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவன், இந்த ஒரு வேலையைத்தான் திரும்பத் திரும்ப மறந்தான். இன்றைக்கும் அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை படகை டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஏரியில் இறக்குகிற கனவான்கள் இதே கைங்கரியத்தைச் செய்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் கரையில் நின்று கைகாட்டிக்கொண்டிருக்க, படகு மெல்லப் பின்பக்கமாக உட்காரும்.

ஓட்டையும் தக்கையும் எங்களுக்குத் தெரியாத பொருளா என்றால், இல்லை. ஏரிக்குத் தூம்பு வைத்த நாடு இது. பழைய ஏரிகளில் கரைக்கு உள்பக்கம், தண்ணீருக்கு நடுவே, இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குமிழித்தூம்பு. அடியில் கல்லில் துளை. துளைக்குள் உட்காரும் அடைப்பு. அதைத் தூக்க ஒரு கம்பி. ஓர் ஆள் நீந்திப் போய், மூச்சை அடக்கி முங்கி, அடைப்பைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர் போகும். போதும் என்றால் மறுபடி முங்கி மூட வேண்டும். மூட மறந்தால் ஊரே பட்டினி. அதனால் ஊர் என்ன செய்தது? கமிட்டி போடவில்லை. "எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள்" என்று தண்டோரா போடவில்லை. தூம்பு இன்னார் பொறுப்பு என்று ஓர் ஆளைக் காட்டியது. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு அளந்தது. ஏரி வடிந்துபோனால் யார் வீட்டுத் திண்ணையில் போய் நிற்பது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

எங்கள் ஆள் மறக்கவே மாட்டான் என்று மார்தட்ட நினைத்த நேரத்தில்தான், 2017 நவம்பர் கடைசியில், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முதல் ஷட்டர் உடைந்தது. 1950-களில் தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டிய அணை. அறுபது வருஷம் அடைத்துக்கொண்டிருந்த இரும்பு ஒரு நாள் போதுமென்று விட்டது. அணையில் இருந்த தண்ணீர் கீழே எங்கள் பக்கமாக இறங்கி ஓடியது. ஆக, எங்களுக்கு நடக்க வழியே இல்லை என்று மேலே எழுதியதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படிக்கவும்.

எங்கள் மாவட்டத்தில் உருப்படியாக மிதக்கிற ஒன்று உண்டு: ஒகேனக்கல் பரிசல். மூங்கில் பிளாச்சைப் பின்னி, அடியில் அந்தக் காலத்தில் தோலும் இந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கும் போர்த்தி, தார் பூசியது. முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஓட்டை கிடையாது, ஓட்டை இல்லாததால் தக்கை கிடையாது, தக்கை இல்லாததால் மறதி கிடையாது. உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியேற்றப் பெரிய தொழில்நுட்பம் இருக்கிறது: கரைக்கு வந்ததும் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடப்பது. கட்டுமரக்காரர் இதற்கும் ஒரு படி மேலே போனார். நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டினார். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கடல் வரும், போகும். உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே உள்ளே தண்ணீர் வந்துவிட்டது என்று அலற முடியும்?

அப்புறம் மசூலா. சென்னையில் துறைமுகம் வராத காலத்தில் வெள்ளைக்காரர் கப்பலைத் தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, அலையைத் தாண்டிக் கரைக்கு வர இந்தப் படகைத்தான் நம்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆணியடித்த படகெல்லாம் அந்த அலையில் முறிந்தது. மசூலாவில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் நெளிந்து கொடுக்கும். நெளிகிற படகு ஒழுகும். ஒழுகட்டும் என்று, இறைப்பதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். கவர்னர் ஆனாலும் கர்னல் ஆனாலும் முழங்கால் நனைந்துதான் இந்த மண்ணில் இறங்கினார். விழுந்தால் பொறுக்கி எடுக்கப் பக்கத்திலேயே கட்டுமரம் வரும். சுருக்கமாகச் சொன்னால், படகு ஒழுகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் ஆளை வைத்துச் சம்பளமும் கொடுத்த ஏற்பாடு. நமது ஏரிக்கரைப் புத்திதான் கடற்கரையிலும்.

அப்படி முழங்கால் நனைந்திருக்க வேண்டியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கெம்பன்ஃபெல்ட். 1758 ஏப்ரல் 29 அன்று கடலூருக்கு எதிரே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலில் மோதியபோது 'எலிசபெத்' கப்பலின் கேப்டன். அடுத்து, 1761-ல் விழுந்த பாண்டிச்சேரியின் முற்றுகையிலும் இருந்தார். எங்கள் தென்பெண்ணை போய்க் கலக்கிற தண்ணீரில் வருஷக்கணக்கில் மிதந்த மனிதர். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் செய்த பெரிய காரியம், கொடிகளால் செய்தி சொல்லும் முறையைச் சீர்படுத்தியது. இருபது கப்பல் தள்ளி நிற்கிறவனுக்கும் அட்மிரலின் மனதில் இருப்பது துல்லியமாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1782 ஆகஸ்ட் 29. போர்ட்ஸ்மத்துக்கு எதிரே ஸ்பிட்ஹெட்டில் 'ராயல் ஜார்ஜ்' நிற்கிறது. நூறு பீரங்கிக் கப்பல். கெம்பன்ஃபெல்ட் இப்போது ரியர் அட்மிரல். தன் அறையில் இருக்கிறார். ஜிப்ரால்டருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரு சில்லறை வேலை: தளத்தைக் கழுவக் கடல்தண்ணீர் எடுக்கும் குழாய், நீர்மட்டத்துக்குக் கீழே, பழுது. அதாவது மனிதன் தானே போட்ட ஓட்டைகளில் ஒன்று. கப்பலைத் துறைக்குள் கொண்டுபோனால் நாள் வீணாகும். என்ன செய்தார்கள்? ஒருபக்கத்துப் பீரங்கிகளை விளிம்புக்குத் தள்ளி, மறுபக்கத்துப் பீரங்கிகளை நடுவுக்கு இழுத்து, கப்பலையே ஒருக்களித்துச் சாய்த்தார்கள். பழுது பார்க்க வேண்டிய ஓட்டை மேலே வந்தது. எதிர்ப்பக்கம் இருந்த பீரங்கிச் சன்னல்கள் கடல் மட்டத்துக்கு இறங்கின. ஒரு சின்ன ஓட்டையை அடைக்க வரிசையாகப் பெரிய ஓட்டைகளைத் திறந்து வைத்த கணக்கு.

இதுவும் போதாதென்று, தாழ்ந்த பக்கமாக ஒரு சரக்குப் படகு வந்து ஒட்டி நின்றது. கொண்டுவந்தது ரம் பீப்பாய்கள். ரம் என்றதும் எல்லோருக்கும் சுறுசுறுப்பு. பீப்பாய்கள் தாழ்ந்த பக்கத்திலேயே ஏறின. சன்னல் வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

கப்பலின் ஆசாரிக்கு வயிறு கலக்கியது. மேலே ஓடி, காவல் பொறுப்பில் இருந்த லெப்டினன்டிடம், "ஐயா, கப்பலை நிமிர்த்தச் சொல்லுங்க" என்றார். ஐயா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். ஆசாரி கீழே போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஓடி வந்தார். பிழைத்த ஒருவர் பிற்பாடு சொன்னபடி, இரண்டாம் தடவை கிடைத்த பதிலின் சாரம்: அவ்வளவு தெரிந்தவன் என்றால் நீயே வந்து கப்பலை நடத்து. நூறு பீரங்கிக் கப்பலில் ஓட்டையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் மரவேலைக்காரர். ஓட்டையைப் பற்றி முடிவெடுக்கிற அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை. கடைசியில் நிமிர்த்தச் சொல்லி முரசு ஒலித்தபோது கடல் தன் வேலையை முடித்திருந்தது. சில நிமிஷத்தில் கப்பல் போய்விட்டது. புறப்படும் கப்பலாதலால் பெண்சாதி பிள்ளைகளும் வியாபாரிகளும் வழியனுப்ப ஏறியிருந்தார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், கெம்பன்ஃபெல்ட்டும் சேர்த்து. கடல் முழுவதும் தெரியும்படி கொடியசைக்க வழி கண்டவரின் சொந்தக் கப்பலில், ஆசாரி சொன்னது பத்தடி தூரம் போகவில்லை.

விசாரணை நடந்தது. கோர்ட் மார்ஷல் எல்லோரையும் விடுவித்துவிட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது: மரம். கப்பலின் மரக்கட்டைகள் உளுத்துப் போயிருந்தனவாம். மரத்துக்குச் சம்பளம் பிடித்தம் செய்யமுடியாது, பதவியிறக்கம் கிடையாது, மேல்முறையீடும் செய்யாது. இதைவிட வசதியான குற்றவாளியை நமது பொதுப்பணித் துறைகூட இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ரம் குடித்துவிட்டுச் செய்தது, நாம் அப்படியா என்று கேட்கலாம். 2018 ஜனவரியில் 'தி இந்து' நாளிதழில் ஒரு செய்தி. விசாகப்பட்டினத்தில் கட்டிய நம் அணுசக்தி நீர்மூழ்கி 'அரிஹந்த்' துறைமுகத்தில் நின்றபோது, பின்பக்க மூடி ஒன்று தவறுதலாகத் திறந்தே கிடந்து, உந்துவிசை இயந்திரப் பகுதிக்குள் தண்ணீர் புகுந்து பெரும் சேதம் என்றது. நீர்மூழ்கி என்பது முழுகுவதற்காகவே கட்டியது. அதனால் அது முழுகியது என்று கேள்விப்பட்டால் மக்கள் பதறக்கூட மாட்டார்கள் என்ற ஒரு சௌகரியம் உண்டு. மூடியைத் திறந்து விட்டது யார் என்று ஊருக்குத் தெரியவில்லை. மூடி திறந்திருந்ததாமே என்று கேட்டபோது அதிகாரிகள் வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கப்பலிலும் காட்டியிருக்கலாம்.

ஆனால் தக்கைக் கதைகளுக்கெல்லாம் பெரிய கதை 1912 ஏப்ரல் 15 விடிவதற்கு முன் நடந்தது. டைட்டானிக்கை எல்லோருக்கும் தெரியும். படம் பார்த்தவர்களுக்குக் கப்பலின் முனையில் கையை விரித்து நிற்கத் தெரியும். படத்தில் தக்கையைக் காட்டவில்லை. முழுகாது என்று பேர் வாங்கிய கப்பலின் மேல்தளத்தில் உயிர்காக்கும் படகுகள் வரிசையாக இருந்தன. மழைத் தண்ணீர் வடிய ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை. ஓட்டையில் தக்கை இல்லை. இருக்கக் கூடாது, அதுதான் சரியான முறை. தண்ணீரில் இறக்கும்போது போட வேண்டியது யார் என்பதுதான் பிரச்சினை.

5-ஆம் எண் படகில் ஆல்ஃபிரட் ஆலிவர் என்ற சிப்பந்தி இருந்தார். படகு இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குத் தக்கை ஞாபகம் வந்தது. ஓட்டை இருக்கும் இடத்துக்குப் போக வழியில்லை. ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் நகருங்கள் என்று கேட்டார். யாரும் நகரவில்லை. அரூர் டவுன் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் கத்தும்போது நாம் எப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்போமோ, அதே நிலை. அவர் கோடீஸ்வரர், இவர் கூலிக்காரர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் இல்லை. படகு தண்ணீரைத் தொட்டது, கயிற்றை விட்டார்கள், ஓட்டை வழியாக அட்லாண்டிக் உள்ளே வந்தது. ஆலிவர் முட்டி மோதிப் போய்த் தக்கையைச் செருகினார். இல்லாவிட்டால் படகு நிறைந்திருக்கும் என்று அமெரிக்க செனட் விசாரணையில் அவரே சொன்னார்.

6-ஆம் எண் படகு இன்னும் விசேஷம். அதன் பொறுப்பாளர் ராபர்ட் ஹிச்சன்ஸ். பனிமலையில் இடித்தபோது டைட்டானிக்கின் சுக்கானைப் பிடித்திருந்தவர். கூட இருந்தவர் ஃபிரெடரிக் ஃப்ளீட். கொடிமரத்தின் மேலிருந்து பனிமலையை முதலில் பார்த்தவர். ஆக, மலையைப் பார்த்தவரும் மலையில் கொண்டுபோய் விட்டவரும் ஒரே படகில். 65 பேர் ஏறலாம், பாதிகூட நிரம்பவில்லை. படகு இறங்கும்போதே உள்ளிருந்து ஒரு குரல்: ஓட்டத் தெரிந்த ஆள் போதாது!

மேலே நின்ற அதிகாரி லைட்டோலர் ஆள் தேடினார். முன்னே வந்தார் மேஜர் ஆர்தர் பியூச்சன். டொரோண்டோவின் ரசாயன முதலாளி, பட்டாளத்து மேஜர், அங்குள்ள ராயல் கனடியன் யாட் கிளப்பின் துணைத் தலைவர். தன் அறையில் 3 லட்சம் டாலர் பத்திரங்கள் அடங்கிய தகரப் பெட்டியை விட்டுவிட்டு, மூன்று ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் படகோட்டத் தெரிந்தவன் என்றார். தெரியுமென்றால் இந்தக் கயிற்றைப் பிடித்து இறங்கிப் போங்கள் என்றார் லைட்டோலர். ஐம்பதைத் தாண்டிய மேஜர் இருட்டில் கயிற்றில் தொங்கி இறங்கினார். இதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கெட்டிக்காரத்தனம்.

படகில் கால் வைத்ததும் ஹிச்சன்ஸ் இட்ட முதல் கட்டளை: குனிந்து தக்கையைப் போடு! மேஜர் பாய்ந்தார். கும்மிருட்டு. பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜர் பாவாடைகளுக்கு நடுவே மண்டியிட்டுப் பலகையைத் தடவுகிறார். கிளப்பில் கோப்பைகள் வழங்கிய கைக்கு ஓட்டை அகப்படவில்லை, தக்கையும் அகப்படவில்லை. கடைசியில் எழுந்து, நீங்களே தக்கையைப் பாருங்கள், நான் கயிற்றுக் கொக்கியைக் கழற்றுகிறேன் என்று வேலையை மாற்றிக்கொண்டார். ஹிச்சன்ஸ் போய்க் குனிந்தார். சற்று நேரத்தில் பதறியடித்து ஓடி வந்தார்: "சீக்கிரம்! படகு முழுகப் போகுது!"

மேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தக்கை கிடைக்கவில்லை போலிருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை, நாம் தொலைந்தோம் என்று நினைத்தார்.  ஹிச்சன்ஸ் சொன்னதோ பெரிய படகு. டைட்டானிக். தலைக்கு மேலே ஒன்பது மாடி உயரக் கப்பல் முழுகிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் அளவு ஓட்டையைப் பற்றிய கவலையில் அந்த மனிதருக்கு அது மறந்தே போயிருந்தது. செனட்டில் இதை அவரே சொன்னார், முகத்தைச் சுளிக்காமல்.

தக்கை போட்ட பிறகும் அந்தப் படகில் அமைதி இல்லை. தண்ணீரில் தத்தளிக்கிறவர்களை ஏற்றத் திரும்பிப் போகலாம் என்றார்கள் பெண்கள். முடியாது என்று சுக்கானைப் பிடித்துக்கொண்டார் ஹிச்சன்ஸ். அந்தச் சுக்கானை அவர் பிடிக்கிறதைப் பற்றி யாருக்காவது அபிப்பிராயம் இருந்திருந்தால் அதில் தப்பில்லை. மார்கரெட் பிரவுன் என்ற அம்மாள் துடுப்பை எடுத்து, மற்றப் பெண்களையும் வலிக்க வைத்து, ஹிச்சன்ஸுக்குக் கிடைக்க வேண்டியதை வாயாலேயே கொடுத்தார். விடிந்ததும் 'கார்பேத்தியா' கப்பல் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது.

பியூச்சனுக்கு அங்கே ஒரு யோசனை வந்தது. அத்தனை ஆண்கள் செத்திருக்கிறார்கள். நீ மட்டும் எப்படி வந்தாய் என்று ஊர் கேட்குமே. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு நாளாவது நின்றவர்களுக்கு இந்தப் பயம் புரியும். லைட்டோலரிடம் போய் எழுத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். படகுக்குக் கடலோடி ஒருவர் தேவைப்பட்டதால் நான்தான் இவரை ஏறச் சொன்னேன், தான் கடலோடி என்பதை இவர் நிரூபித்தார், தைரியசாலியும்கூட என்கிற அர்த்தத்தில் லைட்டோலர் எழுதிக் கொடுத்தார். தக்கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. லைட்டோலருக்கு அது தெரியாது. பியூச்சனும் அப்போது சொல்லியிருக்க மாட்டார்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு மேஜர் ஊர் திரும்பினார். டொரோண்டோ அதைப் படித்துப் பார்க்கவில்லை. அங்கே வேறு பேச்சு ஓடியது: கப்பல் முழுகியது, அதனால் படகோட்டி என்று சொல்லி இறங்கிவிட்டார், தீப்பிடித்திருந்தால் தீயணைப்புக்காரர் என்று சொல்லியிருப்பார்.